ஞாயிற்றுக்கிழமை ரோந்துக்கு வள்ளம் வாங்குமுன்

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். மட்டக்குளியில் உள்ள உங்கள் விளையாட்டுக் கழக இளைஞர்கள் சேர்த்து வைத்திருக்கும் காசில் ஒரு பைபர் வள்ளமும் 25 குதிரைவலு என்ஜினும் வாங்கி, ஞாயிறுகளில் காக்கைதீவுக் கரையிலும் களனி கங்கை கடலில் விழும் இடத்திலும் ரோந்து போகலாமா? அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? லைஃப் ஜாக்கெட் போடாமல் போகிறவர்களை நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சீருடையும் அதிகாரமும் இல்லாத நாங்கள் தண்ணீரில் இறங்கினால் நாலு பேருக்கு உதவியாக இருப்போமா, இல்லை எங்களையும் யாராவது வந்து காப்பாற்ற வேண்டியிருக்குமா என்பதுதான் அது. கட்டாயம் உதவியாக இருக்கலாம். ஆனால் அந்த உதவியில் பெரும்பகுதி வள்ளத்தில் நடப்பதில்லை, ஆட்கள் வள்ளத்தில் ஏறும் கரையில் நடக்கிறது. அதனால் வள்ளத்தைக் கடைசியாக வாங்குங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம்.

நான் கொழும்புத் துறைமுகத்தில் நீண்ட காலம் லாஞ்ச் ஓட்டியவன். இப்போது இளைஞர்களுக்கு மீட்புப் படகு ஓட்டவும், தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலுதவி செய்யவும் சொல்லிக்கொடுக்கிறேன். படகு, தண்ணீர், முதலுதவி பற்றிக் கீழே சொல்வதை நம்பிச் செய்யலாம். சட்டம் என் துறை இல்லை. அதில் நான் சொல்வதை வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

உரிமைக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு வள்ளத்தை மறிப்பதும் ஆட்களைச் சோதிப்பதும் பொலிசார், கடற்படை, 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான கடலோரப் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியோரின் வேலை. இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கோஸ்ட் கார்ட் ஒக்ஸிலியரி என்ற தொண்டர் அமைப்பு இன்றும் இயங்குகிறது. அவர்களுக்குச் சீருடை உண்டு, ரோந்து உண்டு, வானொலி உண்டு. யாரையும் பிடிக்கவோ அபராதம் போடவோ அதிகாரம் கிடையாது. அவர்கள் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றிருக்கிறது. படகுக்காரர் கூப்பிட்டால் வந்து இலவசமாகப் படகைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஜாக்கெட், தீயணைப்புக் கருவி, விளக்கு, அவசர சமிக்ஞை எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். குறை இருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தண்டமும் இல்லை, மேலிடத்துக்கு அறிக்கையும் இல்லை. அதனால்தான் ஆட்கள் பயமில்லாமல் கூப்பிடுகிறார்கள். 'என் என்ஜின் அடிக்கடி நடுவில் நிற்குது, என்ன செய்யலாம்' என்று ஒரு வள்ளக்காரர் பொலிஸ்காரரிடம் கேட்கமாட்டார். உங்களிடம் கேட்பார்.

இதை நம் ஊரில் எப்படிச் செய்வது? ஞாயிறு காலை ஒரு குடும்பம் வள்ளத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். 'ஜாக்கெட் இல்லாமல் போகக்கூடாது' என்று கரையில் நின்று சத்தம் போட்டால் வள்ளக்காரருக்கு ரோசம் வரும், அப்புறம் எப்போதும் உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'அண்ணே, பிள்ளைக்கு அளவான ஜாக்கெட் ஒன்று எங்களிடம் இருக்கு, திரும்பி வரும்போது தந்தால் போதும்' என்று கையில் நீட்டினால், அம்மாவே வாங்கிப் பிள்ளைக்குப் போட்டுவிடுவார். அமெரிக்காவில் பல ஏரிக்கரைகளில் இப்படி ஜாக்கெட் இரவல் கொடுக்கும் பலகைகளே நிறுத்தியிருக்கிறார்கள், எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். உங்கள் காசில் முதல் பகுதியைச் சிறுவர் ஜாக்கெட்டுகளுக்குச் செலவழியுங்கள். அடுத்து ஒரு கொப்பி. எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், வள்ளக்காரரின் தொலைபேசி எண் என்ன. நாலு வரிதான். பன்னிரண்டு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஒரு மணியாகியும் வரவில்லையென்றால் அதைக் கவனிக்க ஒரு ஆள் கரையில் இருக்கிறார் என்பது பெரிய விஷயம். அந்த ஆள் இல்லாவிட்டால் இருட்டிய பிறகுதான் வீட்டில் தேடத் தொடங்குவார்கள்.

எது உறுதி, எது சந்தேகம் என்று இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். ஜாக்கெட் உயிர் காக்கும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அமெரிக்கக் கோஸ்ட் கார்டின் கணக்கில் 2023இல் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூழ்கியே இறந்தார்கள், மூழ்கியவர்களில் 87 வீதமானோர் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. படகு ஓட்டியவர் பாதுகாப்புப் பயிற்சி எதுவும் பெறாத படகுகளில்தான் பெரும்பாலான இறப்புகள் நடந்தன. சந்தேகம் எங்கே வருகிறதென்றால், ரோந்து வள்ளம் சுற்றிச் சுற்றி ஓடுவதால் மட்டும் விபத்து குறைகிறதா என்பதில். மீட்ட ஆட்களை எண்ணலாம். உங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்த வள்ளத்தையும், அதனால் நடக்காமல் போன விபத்தையும் யாராலும் எண்ண முடியாது. ஆகவே 'இத்தனை மணித்தியாலம் ரோந்து போனோம்' என்பதை உங்கள் வேலைக்கு அளவாக வைக்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் ஜாக்கெட்டோடு ஏறினார்கள் என்பதை வையுங்கள்.

குறிஞ்சாக்கேணியை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியாவில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சனம் அதில்தான் கடக்க வேண்டியிருந்தது. வேகமான மீட்புப் படகு ஒன்று ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்றிருந்தாலும் எவ்வளவு செய்திருக்க முடியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூச்சு நின்றவருக்கு நாலைந்து நிமிடத்துக்குள் மூளை பாதிக்கத் தொடங்கும். ஏறும் இடத்தில் ஆட்களை எண்ணி, பிள்ளைகளுக்கு ஜாக்கெட் மாட்டி, 'அடுத்த தடவை வாங்க' என்று சொல்ல ஒருவர் தினமும் நின்றிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. கரைவேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் காரணம்.

ஜாக்கெட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே எழுதியிருக்கும் நியூட்டன் எண்ணைப் பாருங்கள். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் மிதப்பு. 50 என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பாது. 100 என்பது அமைதியான கரையோர நீருக்கு, 150 திறந்த கடலுக்கு. பிள்ளைகளுக்கு 100 வாங்குங்கள், கால்களுக்கு இடையே வரும் பட்டி கட்டாயம் இருக்க வேண்டும். போட்டுவிட்ட பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். விற்பனைக்கு வரும் இரண்டாங்கை ஜாக்கெட்டுகள் பலவற்றில் உள்ளிருக்கும் நுரை நைந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருக்கும். வாங்குமுன் ஒரு வாளி தண்ணீரில் அமுக்கிப் பிடித்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள், கனம் கூடியிருந்தால் வேண்டாம்.

இனி உங்கள் இடம். களனி கங்கையின் வாய் பார்க்க அமைதியாகத் தெரிந்தாலும் கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் அது. பேரை வாவியிலோ தியவன்னா ஓயாவிலோ என்ஜின் நின்றால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிடலாம். கங்கை வாயில் ஆறு உங்களைக் கடலுக்குத் தள்ளும், கடல் அலை எதிரே வரும். இரண்டும் மோதும் மணல்திட்டில் அலை குட்டையாக, செங்குத்தாக எழுந்து உடையும். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், சின்ன வள்ளத்தோடு அந்தப் பக்கம் தொண்டர்கள் போகவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், அதனால் ஆற்றின் வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மழை. அதுவும் கொழும்பில் பெய்யும் மழை மட்டுமில்லை. கித்துல்கல, தெரணியகலைப் பக்கம் இரவு முழுக்கக் கொட்டினால் இங்கே வெயிலடிக்கும் நாளில் ஆறு பெருகி வரும். நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவி காட்டும் அளவை நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கும். 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். ஆற்றின் மேல்பக்கம் ஹங்வெல்லையில் மட்டம் ஏறும் நாளில் உங்கள் வள்ளம் கரையில் இருக்கட்டும்.

அந்த வாயில் பிறந்து வளர்ந்த மீனவர்கள் முகத்துவாரத்தில் இருக்கிறார்கள். மணல்திட்டு எந்த மாதம் எங்கே நகரும் என்பது வரைபடத்தில் இல்லை, அவர்கள் தலையில் இருக்கிறது. முதல் நாளே போய் 'எங்களுக்குச் சொல்லித்தாங்க மாமா' என்று கேளுங்கள். அவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்கப் போகாதீர்கள். நல்ல உறவு இருந்தால் ஆபத்து வரும்போது அவர்களுடைய வள்ளங்களும் உங்களோடு வரும்.

வள்ளம் ஓட்டுவதில் நான் பயிற்சியின்போது திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உதவப் போனவர்களே விபத்தை உண்டாக்குவது இங்கேதான். ஒரு வள்ளத்தில் அளவுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முழு வேகத்தில் பக்கத்தில் போய்த் திடீரென்று வேகத்தைக் குறைத்தால், உங்கள் பின்னால் வந்த அலை உங்களைத் தாண்டிப் போய் அந்த வள்ளத்தில் அடிக்கும். உங்களைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். அவ்வளவு போதும், வள்ளம் சரிந்துவிடும். ஆகவே நூறு மீற்றருக்கு முன்பே அலை எழாத வேகத்துக்கு வாருங்கள். பக்கத்தில் அணையாமல் தள்ளி நின்று, 'எல்லாரும் இருந்தபடியே இருங்க, மெதுவா கரைக்குப் போவோம்' என்று அமைதியாகச் சொல்லி, கரை வரை கூடவே வாருங்கள்.

தண்ணீரில் விழுந்தவரிடம் போகும்போது ஆற்றில் எப்போதும் கீழ்ப்பக்கத்திலிருந்து, ஓட்டத்தை எதிர்த்து ஏறி வாருங்கள். அப்போதுதான் வள்ளம் உங்கள் சொல்லைக் கேட்கும். மேல்பக்கத்திலிருந்து வந்தால் ஆறு வள்ளத்தை அவர் மேலேயே ஏற்றிவிடும். கை எட்டும் தூரம் வந்ததும் என்ஜினை நியூட்ரலில் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் நிறுத்தச் சொல்வேன். பதற்றத்தில் கை பட்டு கியர் விழுந்தால் புரொபெல்லர் காலை வெட்டிவிடும். அதேபோல என்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுபவரின் கையிலோ முழங்காலுக்கு மேலோ எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டுபவர் வெளியே விழுந்தால் ஆளில்லாத வள்ளம் வட்டமடித்துத் திரும்ப அவரிடமே வரும். இன்னொன்று, மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார், கையும் ஆட்டமாட்டார். வாய் நீர்மட்டத்தில் இருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், அதிகம் போனால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பார். நீந்திப் போய்ப் பிடிப்பது கடைசி வழி. முதலில் துடுப்பையோ தடியையோ நீட்டுங்கள், எட்டாவிட்டால் கயிறு எறியுங்கள், அதுவும் எட்டாவிட்டால் வள்ளத்தில் போங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லையென்றால் முதலில் ஐந்து தடவை வாய்வழி மூச்சு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடருங்கள். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

என்ஜினில் ஒரு விஷயத்தை ஓடும்போதெல்லாம் திரும்பிப் பாருங்கள். பின்பக்கம் சிறு துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். கொழும்புக் கால்வாய்களில் இது சாதாரணமாக நடக்கும். ஒரு பொலித்தீன் பை உறிஞ்சு துளையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருக்கும். உடனே நிறுத்தி, என்ஜினைத் தூக்கி, கையால் எடுத்துவிட்டால் சரி. கவனிக்காமல் ஓட்டினால் நடு ஆற்றில் சூடேறி இறுகிவிடும், அப்போது துடுப்பும் நங்கூரமும்தான் துணை. இரண்டும் இல்லாத வள்ளம் ஒரு அடியும் நகரக்கூடாது. 25 குதிரைவலு என்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 9, 10 லீற்றர் குடிக்கும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று கணக்கு வையுங்கள்.

அனுமதிக்கு வருகிறேன். துறைமுக எல்லைக்குள் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். கழகத்தின் பெயரில் பிரதேச செயலகத்துக்கும், பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும், கடலோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கடிதம் கொடுத்து, என்ன செய்யப்போகிறீர்கள், என்ன செய்யமாட்டீர்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். வள்ளத்தின் பதிவு பற்றியும் அங்கேயே கேளுங்கள். கடல் வானொலிக் கருவி வாங்குவதென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும், ஆரம்பத்தில் நீர்புகாப் பையில் வைத்த இரண்டு தொலைபேசிகள் போதும். தொண்டர் ஒருவருக்கு அடிபட்டால் செலவு யாருடையது, நீங்கள் இழுத்து வந்த வள்ளம் உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு எழுதி வையுங்கள். இதில் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை.

உங்கள் வள்ளம் உண்மையில் அதிகம் தேவைப்படப் போவது ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை, வெள்ள நாட்களில். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனிப் பக்கம் எப்படி மூழ்கியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் வள்ளங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போய் 65,000 பேருக்கு மேல் மீட்டதாகக் கணக்கிடப்பட்டது. அவர்கள் அதற்கென்று அமைக்கப்பட்ட படை இல்லை, தண்ணீரை அறிந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் வெள்ளத்தில் ஓடும் வள்ளத்துக்கு வேறு பழக்கம் வேண்டும். தெருவுக்குள் தண்ணீருக்கடியில் மதில், கேட், முள்கம்பி எல்லாம் இருக்கும். என்ஜினைத் தூக்கிவிட்டுத் தடியூன்றித்தான் போக வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று உறுதியாகத் தெரியும்வரை ஒழுங்கைக்குள் நுழையக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர அழைப்பு எண் 117ஐ எல்லாரும் மனப்பாடமாக வைத்திருங்கள். வள்ளம், ஆட்கள், பயிற்சி விவரங்களை இப்போதே பிரதேச செயலகத்தில் கொடுத்து வைத்தால் அந்த நாளில் எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள். சொல்லாமல் தாங்களாகவே இறங்கும் வள்ளம் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உடம்பையும் பாருங்கள். கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் புண்ணோடு இறங்க வேண்டாம், காய்ச்சலும் தசைவலியும் வந்தால் தண்ணீரில் இறங்கியதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெள்ளவத்தைக் கால்வாய் வாய்ப் பக்கமும் பொல்கொடையிலும் முதலை கண்டிருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். பதினாறு வயதுத் தம்பி ஒருவர் சேர ஆசைப்படுகிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். கொப்பி எழுதவும் ஜாக்கெட் மாட்டவும் முதலுதவி பழகவும் அவர் தாராளமாக வரலாம். வள்ளத்தில் பதினெட்டுக்குப் பிறகு, அதுவும் உடுப்போடு 200 மீற்றர் நீந்திக் காட்டிய பிறகு.

கரைவேலையை ஒரு பருவம் முழுக்கச் செய்து, ஆட்களும் நிலைத்து நின்றால் வள்ளம் வாங்குங்கள். பழைய பைபர் வள்ளமென்றால் என்ஜின் பூட்டும் பின்பலகையை ஒரு நாணயத்தால் இடத்துக்கிடம் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே மரம் உக்கியிருந்தால் சத்தம் அமுங்கிப்போகும், என்ஜினை மேலும் கீழும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து அசையும். அப்படியொரு வள்ளம் எவ்வளவு மலிவாக வந்தாலும் முற்பணம் கொடுக்காதீர்கள். பார்க்கத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள், வருகிறேன்.